சிறு செலவில் சீரிய இசை

ஓர் இசைத்தட்டைக் கையிலெடுத்து வெளிச்சத்திலே சாய்த்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான வளையங்கள் ஒன்றனுள் ஒன்றாய் அமைந்திருப்பது போலத் தோன்றும். உண்மையில் அங்கே இருப்பது ஒரே பள்ளம். விளிம்பிலே புறப்பட்டு நடுவிலே முடிகின்ற ஒற்றை வரி அது. நிமிடத்திற்கு 33⅓ முறை சுற்றும் நெடுந்தட்டில், இருபது நிமிடம் பாடும் ஒரு பக்கத்தின் வரியை நீட்டிப் பிடித்தால் 400 மீட்டருக்கு மேல் வரும். பாடியவரின் குரலும், பிடில்காரரின் வில்லும், மிருதங்கத்தின் மீட்டும் அவ்வரியின் நெளிவுகளாய்க் கிடக்கின்றன. அந்நெளிவுகளின்மேல் நடந்து சென்று செய்தி கொண்டுவருவது ஒரு முள்ளின் முனை. கையில் காசு குறைந்த மாணவன் தன் வீட்டு இசைத்தட்டுக் கருவியைத் திருத்த முனையும்போது எங்கே தொடங்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். முள்முனையில் தொடங்கவேண்டும் என்பது என் விடை. அதற்குரிய காரணங்களைக் காண்போம்.

கேரளத்தின் கிழக்கெல்லையில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. கோட்டாயியை அடுத்த செம்பையைச் சேர்ந்த வைத்தியநாத பாகவதர் 78 சுழற்சித் தட்டுகளிலே பாடியவர். பின்னணிப் பாடகி பி. லீலா சித்தூரிலும், மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன் எலப்புள்ளியிலும், எம்.டி. இராமநாதன் மஞ்சப்ராவிலும் பிறந்தவர்கள். எல்லோரும் பாலக்காட்டு மண்ணின் மக்கள். இடுக்கி மலைகளின் கிழக்கடிவாரத்திலே, எல்லைக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில், இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலும் வண்டிப்பெரியாற்றிலும் மூணாற்று லயங்களிலும் இவர்களுடைய தட்டுகள் கலியாணத்துக்கும் கோயில் நோம்பிக்கும் மைக் செட்டிலே சுழன்றன. வாடகைக்கு மைக் செட் விட்ட கடைகள் பல மூடிவிட்டன. தட்டுகள் மட்டும் பரண்களிலும் பழைய பொருள் கடைகளிலும் தங்கிவிட்டன. அவற்றிற் சில மறுபதிப்புக் காணாதவை. அத்தகைய தட்டு ஒருவர் கைக்கு வருமானால், அதன்மீது எந்த முள்ளை வைக்கிறார் என்பதைப் பொறுத்து அக்குரல் வாழும் அல்லது தேயும்.

‘முதலில் பெரிய ஸ்பீக்கர் வாங்கு’ என்று அறிவுரை சொல்வோர் பலர். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எண்ணிப் பாருங்கள்: பள்ளத்திலிருந்து முள், முள்ளிலிருந்து ஆம்பிளிபயர், ஆம்பிளிபயரிலிருந்து ஸ்பீக்கர் என்று செய்தி கைமாறிக் கைமாறிச் செல்கிறது. முதற் கையிலே தவறிப்போன எழுத்தைக் கடைசிக் கை எப்படி வாசிக்கும்? அன்றியும், மட்டமான ஸ்பீக்கர் தட்டுக்கு ஒரு கேடும் செய்வதில்லை. நாளை நல்லதொன்று வாங்கினால் அதே தட்டு நன்றாகப் பாடும். மட்டமான முள்ளோ ஒவ்வொரு முறையும் பள்ளத்தைச் சீவிவிடுகிறது. சீவிய பள்ளம் மீண்டும் வளராது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நெடுந்தட்டின் வெளிவிளிம்பில், நடுவிலிருந்து 146 மில்லிமீட்டர் தொலைவிலே, பள்ளம் முள்ளைக் கடந்து செல்லும் வேகம் நொடிக்கு 51 சென்டிமீட்டர். உள் முடிவிலே, 60 மில்லிமீட்டர் தொலைவில், அவ்வேகம் 21 சென்டிமீட்டராகக் குறைகிறது. சுழற்சி மாறாததால் உள்ளே வர வர வட்டம் சிறுக்கிறது அல்லவா? 10,000 ஹெர்ட்ஸ் அதிர்வுடைய ஓர் ஒலி, வெளியே 0.051 மி.மீ. நீளமுள்ள அலையாகவும், உள்ளே 0.021 மி.மீ. நீளமுள்ள அலையாகவும் செதுக்கப்பட்டிருக்கும். இனி முள்ளைக் கவனியுங்கள். மலிவான முள்ளின் முனை கூம்பின் நுனியை உருட்டியது போன்றது. அதன் ஆரம் சுமார் 0.018 மி.மீ. அலையின் ஒரு மேடோ ஒரு பள்ளமோ 0.0105 மி.மீ. அளவே உள்ள இடத்திலே இவ்வளவு பருத்த முனை எப்படி நுழையும்? மாட்டுவண்டியின் பெரிய சக்கரம் சாலையின் சிறு குழிகளை அறியாமலே கடந்து போகிறது. குழந்தையின் நடைவண்டிச் சக்கரமோ ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறுகிறது. முட்டை வடிவமாய்த் தீட்டிய முள்ளின் பக்க ஆரம் 0.008 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. அதனால் அது இறங்கி ஏறும். திரைப்படத் தட்டுகளில் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் கரகரவென்று ஒலிப்பதையும், ‘ச’கரமெல்லாம் சீறுவதையும் கேட்டிருப்பீர்கள். பாடகர் மேல் குற்றமில்லை. சக்கரம் பெரிது, குழி சிறிது.

இவ்வளவு நுண்ணிய முனையின்மேல் 2 கிராம் எடை வைக்கிறோம். இரண்டு கிராம் தானே என்று எண்ணவேண்டா. முனை பள்ளத்தின் சுவரைத் தொடும் பரப்பு சில பத்துச் சதுர மைக்ரோமீட்டரே. அந்தப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் வரும். பழைய மேசைப் பெட்டிகளிலுள்ள முள் 5 கிராமோ அதற்கு மேலோ அழுத்தும். முனை தேய்ந்து கூராகிவிட்டால் அஃது உளியே.

அந்தப் பழைய பெட்டிகளைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்லவேண்டும்; நம் வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் அவைதாம். அவற்றிற் பலவற்றில் முள்ளின் அசைவை மின்னாக்குவது ஒரு படிகம். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்று கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டனர். இதற்கு மலிவாய்க் கிடைத்த படிகம் ராச்செல் உப்பு, அதாவது சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட். வேதியியல் ஆய்வகத்திலே சர்க்கரையைச் சோதிக்கப் பெலிங் கரைசலில் நாம் கலக்கும் அதே உப்புத்தான். நீரிலே கரையும்; ஈரத்தை உறிஞ்சிக் கெடும்; 55 டிகிரி வெப்பத்தை அடைந்தாலும் கெடும். மூணாற்றின் மழைமாதத்து ஈரமும், வேனிலில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டில் ஓட்டுக்கூரையின்கீழுள்ள பரணின் வெக்கையும் இந்த உப்பை விட்டுவைக்குமா? ‘பாட்டி வீட்டுப் பெட்டி சுற்றுகிறது, ஆனால் பாடவில்லை’ என்று சொல்வோர் முதலில் ஐயுறவேண்டியது இப்படிகத்தை. பின்னாளில் வந்த பீங்கான் வகை ஈரத்தைத் தாங்கும். ஆயினும் எடையும் விறைப்பும் மிகுதி.

இன்னொரு கேடும் உண்டு. பழைய ஒற்றையொலித் தட்டிலே பள்ளம் இடவலமாக மட்டுமே நெளியும். 1958 முதல் பரவிய ஸ்டீரியோத் தட்டில் இரண்டு சுவர்களும் 45 பாகையில் தனித்தனியே செதுக்கப்பட்டிருப்பதால், முள் மேலும் கீழும் அசையவும் வேண்டும். ஒற்றையொலிக்கென்றே செய்த பழைய முள் மேலே எழத் தெரியாதது. அது ஸ்டீரியோத் தட்டின் மேடுகளைச் செதுக்கிக்கொண்டே போகும். ஆகவே 1980களின் இளையராஜா தட்டுகளைத் தாத்தாவின் பெட்டியிலே போடாதீர்கள். இன்று கடைகளில் சூட்கேஸ் வடிவிலே விற்கும் அழகிய புதுப் பெட்டிகளைப் பற்றியும் எனக்கு நல்லெண்ணம் இல்லை. அவற்றிற் பலவற்றில் எடையைத் திருத்த வழியில்லை. முள்பெட்டியை மாற்றவும் இடமில்லை. அத்தகைய பெட்டிக்கு மேலும் செலவிடுவதைவிட, அந்தக் காசைச் சேர்த்து வைத்து, பின்னெடையும் கழற்றக்கூடிய தலையும் உள்ள பழைய சுழல்மேசை ஒன்றை வாங்குவதே மேல்.

அத்தகைய மேசை கிடைத்துவிட்டது என்று கொள்வோம். கையிலுள்ள தொகையிற் சரிபாதியைக் காந்தவகை முள்பெட்டிக்கு ஒதுக்குங்கள். உடல் ஒன்றாகவும் முள்ளைமட்டும் மாற்றக்கூடியதாகவும் உள்ள இனத்தைத் தேடுங்கள். ஆடியோ-டெக்னிகா நிறுவனத்தின் வி.எம். 95 வரிசை இதற்கோர் எடுத்துக்காட்டு: ஒரே உடலிலே முட்டைவடிவ முள்ளையும் மாட்டலாம், 78 சுழற்சித் தட்டுக்குரிய பருத்த முள்ளையும் மாட்டலாம். 78 தட்டின் பள்ளம் அகன்றது. அதற்கு 0.076 மி.மீ. ஆரமுள்ள முனை வேண்டும். நெடுந்தட்டின் சிறுமுனையை அதில் வைத்தால் வாய்க்காலின் அடியிலே கூழாங்கல் உருளுவதுபோல் அடித்தூசியிலே உருண்டு இரைச்சலைத்தான் கொண்டுவரும். செம்பையின் குரல் சுவரில் இருக்கிறது. முள்ளோ தரையில் கிடக்கிறது!

78 தட்டுக்குக் காசில்லாத திருத்தம் ஒன்றும் உண்டு. அத்தட்டில் இசை இடவலமாகவே இருப்பதால், முள்ளின் மேல்கீழ் அசைவு முழுவதும் வெறும் இரைச்சல். ஸ்டீரியோ முள்ளிலிருந்து வரும் இரண்டு வழிகளையும் ஒன்றாகக் கூட்டினால் மேல்கீழ் அசைவு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஆம்பிளிபயரில் ‘மோனோ’ விசை இருந்தால் அதைத் தட்டுங்கள். அவ்வளவே. பெரும் ஸ்பீக்கர்களும் செய்யாத உபகாரத்தை இந்த விசை செய்யும்.

இனிப் பொருத்தும் வேலை. நண்பர்கள் பலர் விலையுயர்ந்த முள்ளை வாங்கி ஏனோதானோவென்று மாட்டிவிடுகின்றனர். முதலில் மேசை மட்டமாக இருக்கவேண்டும். ஒரு தட்டில் நீர் வைத்துப் பார்த்தாலே போதும். அடுத்து எடை. நகைக்கடைத் தராசு போன்ற சிறிய மின்தராசு இருந்தால் நன்று. இல்லாவிடில் ஓர் அளவுகோலை நடுவிலே பென்சில்மேல் நிறுத்தி, ஒருபுறம் காகிதக் கிண்ணத்தில் ஊசிக்குழலால் 2 மில்லிலிட்டர் நீர் விடுங்கள். அது 2 கிராம். மறுபுறம் அதே தொலைவிலே, அதே எடையுள்ள வெறுங்கிண்ணத்தின்மேல் முள்ளை இறக்கி, கோல் சமனாகும்வரை பின்னெடையை நகர்த்துங்கள். முள்பெட்டி செய்தவர் குறித்துள்ள எடைக்கு ஏற்ப நீரைக் கூட்டியோ குறைத்தோ கொள்க. எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது தவறு. போதிய எடை இல்லாத முள் பள்ளத்தில் நிற்காமல் குதித்துக் குதித்து விழும். அழுத்துவதைவிட அடிப்பது கொடிது.

முள் பள்ளத்துக்குத் தொடுகோடாக நிற்கவேண்டும். கை ஓர் அச்சைச் சுற்றி வளைந்து வருவதால் எல்லா இடத்திலும் அவ்வாறு நிற்க இயலாது. இரண்டு இடங்களில் மட்டும் சரியாக நிற்கும். நடுவிலிருந்து 66 மி.மீ., 121 மி.மீ. என்பன பெரும்பாலோர் கொள்ளும் இரு புள்ளிகள். ஓர் அட்டையில் கோடு கிழித்து அவ்விரு இடங்களிலும் முள்பெட்டி கோட்டுக்கு இணையாக நிற்குமாறு திருகைத் தளர்த்தித் திருத்தலாம். ஒரு மாலைப்பொழுது செலவாகும்.

வேகத்தைச் சோதிக்க வட்டமாய் 180 கோடுகள் வரைந்த தாள் வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திலே நியான் விளக்கு நொடிக்கு 100 முறை மின்னும். 33⅓ சுழற்சி சரியாக இருந்தால் கோடுகள் நின்றதுபோல் தோன்றும். எல்.ஈ.டி. விளக்குகளிற் பல இவ்வாறு மின்னுவதில்லை. மின்பலகையிலுள்ள பழைய சிவப்பு நியான் குமிழே உதவும். நூற்றுக்கு ஒரு பங்கு வேகம் மாறினால் சுருதி ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு விலகும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் மேசையிலே ஒரு பொறி உண்டு. அமெரிக்காவிலும் சவூதி அரேபியாவிலும் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். மின்சாரத்தின் துடிப்பையே வேகமாகக் கொள்ளும் மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேதான் சுற்றும். 33⅓ என்பது 27¾ ஆகிவிடும். அது மூன்று அரைச்சுர இறக்கம். ஐந்து கட்டையிலே பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். டிரான்ஸ்பார்மர் வைத்தால் சரியாகும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும்; துடிப்பை மாற்றாது. நேர்மின் மோட்டாரும் குவார்ட்ஸ் கட்டுப்பாடும் உள்ள மேசைகளுக்கு இத்தொல்லை இல்லை. வேகத்தைக் காதாலே சோதிக்க விரும்புவோர் எம்.டி. இராமநாதன் தட்டை மட்டும் எடுத்துக்கொள்ளவேண்டா. அப்பெருமகனார் இயல்பாகவே தாழ்ந்த சுருதியில், விளம்பகாலத்திலே பாடியவர்; மேசை சரியாக இருந்தாலும் மெதுவாகச் சுற்றுகிறதோ என்ற ஐயம் எழும்!

காந்தவகை முள் தரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்டே. அதை ஏறத்தாழ 100 மடங்காக்கவேண்டும். அதோடு இன்னொரு வேலையும் உண்டு. தட்டைச் செதுக்கும்போது கீழ்ச்சுரங்களைக் குறைத்தும் மேல்சுரங்களைக் கூட்டியும் செதுக்குகிறார்கள். இல்லையேல் கீழ்ச்சுரத்தின் பெருநெளிவு பக்கத்துப் பள்ளத்தை உடைத்துவிடும். அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிற் சங்கம் 1954இல் வகுத்த அளவின்படி 20 ஹெர்ட்ஸுக்கும் 20,000 ஹெர்ட்ஸுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 90 மடங்கு. கேட்கும்போது அதைத் தலைகீழாக்க வேண்டும். இது செய்யாத சாதாரண ஆம்பிளிபயரில் நேரே இணைத்தால், மிருதங்கத்தின் தொப்பி மறைந்து வலந்தலை மட்டும் தகரம்போல் ஒலிக்கும். இவ்விரு வேலையும் செய்யும் முன்பெருக்கியை வாங்கலாம். ஆனால் அறிவியல் மாணவன் ஏன் வாங்கவேண்டும்? 5532 என்ற எண்ணுடைய மலிவான சில்லு ஒன்று, சில மின்தடைகள், சில மின்தேக்கிகள் போதும். 3180, 318, 75 மைக்ரோநொடி என்ற மூன்று காலமாறிலிகளைத் தரும் சுற்றை வரைவது நம் பாடத்திலே உள்ளதுதான். உள்வாயிலில் 47 கிலோ ஓம் வையுங்கள். 1954க்கு முந்திய 78 தட்டுகள் வேறு வேறு அளவிலே செதுக்கப்பட்டவை. அவற்றுக்குச் சுரக்குமிழைக் காதுக்கு இசையத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்பீக்கருக்கு எஞ்சிய காசு போதும். பழையதே வாங்குங்கள். மேசையையும் ஸ்பீக்கரையும் ஒரே பலகையின்மேல் வைக்காதிருந்தால், ஸ்பீக்கரின் அதிர்வு முள்ளுக்கே திரும்பி வந்து ஊளையிடும் தொல்லை நீங்கும்.

தட்டைக் கழுவுவது பற்றி. கிணற்று நீரின் உப்பு பள்ளத்திலே படியும். பாட்டரிக்கு ஊற்றும் வாலைநீர் வாங்கி, ஒரு சொட்டுச் சோப்புக் கரைசல் சேர்த்து, மெல்லிய துணியால் பள்ளத்தின் வழியே துடையுங்கள். வினைல் தட்டுக்குச் சிறிது ஸ்பிரிட் சேர்க்கலாம். 78 தட்டுக்குச் சேர்க்கவே கூடாது. அது அரக்குத்தட்டு. சோட்டா நாகபுரிக் காடுகளின் அரக்குப் பூச்சி சுரந்த பிசினோடு கல்பொடி கலந்து வார்த்தது. உலகெங்கும் பாடிய பழைய தட்டுகளுக்கு நம் நாட்டுப் பூச்சியே மூலப்பொருள் தந்தது என்பது பெருமைக்குரியது. ஆனால் அரக்கு ஸ்பிரிட்டிலே கரையும். தச்சர் மெருகிடும் பாலீஷ் அவ்வாறு கரைத்ததுதான். ஸ்பிரிட் தோய்ந்த ஒரு துணியாலே ஒரு கீர்த்தனையைத் துடைத்தெறிந்துவிடலாம்.

பாலக்காட்டுப் பக்கத்தார் அஞ்சவேண்டியது வெப்பத்துக்கு: வெயிலில் நிறுத்திய மூடிய காரில் விட்ட வினைல் தட்டு அப்பளம்போல் நெளியும். மூணாறு, பீருமேட்டுக்காரர்கள் அஞ்சவேண்டியது பூஞ்சணத்துக்கு: அது முதலில் காகித உறையைத் தின்று, பிறகு பள்ளத்திலே படரும். உறையை மாற்றி, நிமிர்த்தி அடுக்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை இடையிலே வையுங்கள். மழை மறைவிலுள்ள மறையூராருக்கு இக்கவலை குறைவு.

மைக் செட் கடையிலிருந்து வந்த தட்டுகள் பெரும்பாலும் தேய்ந்தவை. பருத்த, கனத்த முள் ஆயிரம் கலியாணத்திலே அவற்றின்மேல் நடந்திருக்கும். ஆயினும் அவற்றைக் கழித்துவிடுமுன் ஒன்று செய்து பாருங்கள். அந்தப் பழைய முள் பள்ளச் சுவரின் ஒரு குறிப்பிட்ட உயரத்திலேதான் உரசிச் சென்றது. அதற்கு மேலும் கீழும் சுவர் பெரும்பாலும் பழுதின்றி இருக்கும். நெடுந்தட்டானால் முட்டைவடிவ முள்ளும், 78 ஆனால் சற்றுப் பருத்தோ சிறுத்தோ உள்ள வேறொரு முனையும் அந்தத் தேயாத இடத்தைத் தொடும். அவ்வாறு தொடும்போது குரல் தெளிந்து வந்தால், அதே முறை ஓட்டத்திலேயே கணிப்பொறியில் பதிவு செய்துவிடுங்கள். தட்டின் நடுவில் முகப்புத்தாளை ஒட்டி வெறும் பரப்பிலே பொறித்துள்ள எண்ணையும் பார்த்துக் கோப்பின் பெயரிலே எழுதுங்கள். முகப்புத்தாள் கிழிந்து பாடகர் பெயர் போயிருந்தாலும், அந்த எண்ணைக் கொண்டு பாட்டைத் தேடிப் பிடிக்கலாம்.